இரண்டு கோடிப் பதிவுகள் சொல்லும் பாடம்

பெங்களூரில் கணிப்பொறித் துறையில் பணியாற்றும் பிள்ளைகள் நம் தமிழ்க் குடும்பங்களில் பலர். 'டேட்டாபேஸ்', 'பிசினஸ் இன்டெலிஜென்ஸ்' என்று அவர்கள் பேசுவது பெரியவர்களுக்குப் புதிராக இருக்கலாம். கர்நாடக அரசின் 'பூமி' திட்டத்தைக் கொண்டு இவற்றின் அடிப்படையைப் பார்ப்போம்.

முன்பு நிலப் பதிவேடுகள் கிராமக் கணக்கரின் கையில் இருந்தன. ஒரு நகல் வாங்கவும் விவசாயி அவர் பின்னால் அலைய வேண்டும். இந்நிலையை மாற்ற, சுமார் 67 லட்சம் உடைமையாளர்களுக்குரிய ஏறத்தாழ 2 கோடிப் பதிவுகள் கணிப்பொறியில் ஏற்றப்பட்டன. 2002-ஆம் ஆண்டிலேயே தாலுகா அலுவலகங்களில் 15 ரூபாய் கட்டி 'பஹணி' நகல் பெற முடிந்தது. நம் ஊர்ச் சிட்டாவையும் அடங்கலையும் சேர்த்தாற்போன்றது பஹணி: யாருடைய நிலம், எவ்வளவு, என்ன பயிர் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

முதற்பாடம், அடையாளம். சர்வே எண் 45 என்றால் எந்த நிலம்? ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு 45 இருக்குமே! மாவட்டம், தாலுகா, ஹோப்ளி, கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் ஆகிய அனைத்தும் சேர்ந்தால்தான் ஒரு நிலம் தனித்து நிற்கும். இதையே 'பிரைமரி கீ' என்பர்.

இரண்டாவது, பிரித்து வைத்தல். ஒரு நிலத்துக்குப் பல உரிமையாளர் இருக்கலாம். ஒருவருக்குப் பல நிலங்களும் இருக்கலாம். ஆகவே நிலத்துக்கு ஓர் அட்டவணை, உரிமையாளருக்கு ஓர் அட்டவணை, எந்த நிலம் யாருக்கு என்று காட்ட இன்னோர் அட்டவணை. தகவலை இவ்வாறு அட்டவணைகளாக அமைக்கும் முறையை ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் 1970-இல் வெளியிட்டார்.

மூன்றாவது, பொறுப்பு. பூமியில் பதிவை மாற்றும் அலுவலர் தம் கைரேகையை வைத்தே உள்ளே நுழைய வேண்டும். மாற்றியவர் யார் என்பது பதிவாகிவிடுவதால், பிறகு 'நான் செய்யவில்லை' என்று சொல்லித் தப்ப இயலாது.

நான்காவது, தொகுத்துப் பார்த்தல். ஒருவரின் பஹணியை எடுப்பது ஒரு வேலை. 'இத்தாலுகாவில் ராகி எத்தனை ஏக்கர்?' என்று கேட்பது வேறு வேலை. இந்த இரண்டாவது வகைதான் பிசினஸ் இன்டெலிஜென்ஸ். அன்றாடப் பணி தடைபடாதிருக்க, பெரிய நிறுவனங்கள் தகவலைத் தனிக் கிடங்குக்கு நகலெடுத்து அங்கே கணக்கிடும்.

இங்கேதான் விழிப்பு வேண்டும். ஓர் உதாரணம்: அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாக 3 ஏக்கர் ராகி, இன்னொருவருக்கு 2 ஏக்கர். மொத்தம் 5. ஆனால் நில அட்டவணையை உரிமையாளர் அட்டவணையோடு இணைத்துவிட்டுக் கூட்டினால், அந்த 3 ஏக்கர் இருமுறை வந்து 8 ஆகிவிடும்! மென்பொருள் பிழை எதுவும் காட்டாது. வண்ணப் படமும் அழகாகவே வரும். அதை நம்பி விதையும் உரமும் ஒதுக்கினால் நட்டம் யாருக்கு?

ஆகவே கூட்டுவதற்கு முன், 'இந்த அட்டவணையில் ஒரு வரி என்றால் ஒரு நிலமா, ஓர் உரிமையாளரா?' என்று கேட்டறிய வேண்டும். மென்பொருள்கள் மாறிக்கொண்டே இருக்கும், இக்கேள்வி மாறாது.

பயிற்சி: மேற்கண்ட 3 ஏக்கர் நிலத்துக்கு அவர்கள் தங்கையும் உரிமையாளராகச் சேர்ந்தால் தவறான மொத்தம் எவ்வளவு வரும்? பிள்ளைகள் போட்டுப் பார்க்கட்டும்.