குற்றவியல் கல்வியும் பணித்துறைகளும்

2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோருள் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் தீர்ப்பை எதிர்நோக்கிய விசாரணைக் கைதிகள். தடய ஆய்வறிக்கை தாமதமானால் வழக்கும் நீள்கிறது. எனவே, குற்றவியல் கல்வியை வேலைவாய்ப்பு நோக்கில் மட்டும் காண்பது போதாது.

சாகர் பல்கலைக்கழகத்தில் 1959-லேயே இதற்கெனத் தனித்துறை தோன்றியது. காந்திநகரின் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் 2020-இல் அமைந்தது. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய வல்லுநர் நிகழ்விடம் செல்லவேண்டும் என்பது 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் விதி. ஆதலால் ஆய்வகப் பணிக்குத் தேர்ந்தோர் மேலும் தேவைப்படுவர்.

குற்றவியலும் சமூகப்பணியும் பயின்றோர் நன்னடத்தை அலுவலராகலாம். 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குற்றவாளியை நன்னடத்தையின்பேரில் விடுவிக்குமுன் நீதிமன்றம் இவ்வலுவலரின் அறிக்கையைக் கருத்திற் கொள்கிறது. ஒருவர் சிறை புகுவதும் வீடு திரும்புவதும் அவ்வறிக்கையைப் பொறுத்து அமையக்கூடும்.