கருணையின் கணக்கு



நம் முதுகெலும்பின் இருபுறமும் அவரை விதை வடிவில் இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்வடிகட்டிகள் அமைந்து, குருதியிலுள்ள கழிவுகளைப் பிரித்துச் சிறுநீராக வெளியேற்றுகின்றன. நீரிழிவு நெடுநாள் கட்டுப்பாடின்றி இருந்தால் இவ்வடிகட்டிகள் சிறிது சிறிதாகச் சிதையும். தொடக்கத்தில் வலி தோன்றாது. ஆதலால் பலர் நோய் முற்றிய பின்னரே அதனை அறிகின்றனர்.

சிறுநீரகங்கள் முற்றும் செயலிழந்தவர், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்படும்வரை டயாலிசிஸ் எனப்படும் குருதித் தூய்மையை நம்பியே வாழ வேண்டும். எந்திரத்தின் வழியாகச் செய்யப்படும் இச்சிகிச்சை பெரும்பாலும் வாரத்திற்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் நடைபெறும். ஆண்டுக்குக் கணக்கிட்டால் 156 முறை! கூலி வேலை செய்பவர் சிகிச்சை நாளில் பணிக்குச் செல்ல இயலாது. செலவு பெருகும் வேளையில் வருவாய் சுருங்குகிறது. ஒருநாள் உதவியால் இத்துன்பம் தீராது; ஆண்டு முழுதும் வற்றாத உதவி வேண்டும். அதனை எவ்வாறு திரட்டுவது?

நாம் வாழும் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் லாட்டரிச் சீட்டுக் கடைகளைக் காண்கிறோம். களியக்காவிளையைக் கடந்து தமிழ்நாட்டிற்குள் சென்றால் அவற்றைக் காண இயலாது. அங்கு 2003ஆம் ஆண்டில் லாட்டரி தடை செய்யப்பட்டது. கேரள அரசோ, கே. எம். மாணி நிதியமைச்சராக இருந்தபோது, 2011ஆம் ஆண்டில் ‘காருண்யா’ லாட்டரியைத் தொடங்கியது. அதன் வருவாயைக் கொண்டு புற்றுநோய், இதயநோய், சிறுநீரகநோய் முதலியவற்றால் வருந்திய ஏழைகளுக்கு மருத்துவ உதவி வழங்கப்பட்டது.

சென்னையில் 1993ஆம் ஆண்டில் மருத்துவர் ஜார்ஜி ஆபிரகாம் தொடங்கிய ‘டேங்கர்’ அறக்கட்டளை மற்றொரு வழியைக் கைக்கொண்டது. சிறுநீரக ஆய்வைத் தன் பெயரிலேயே தாங்கிய அந்நிறுவனம், நன்கொடையாளர் தரும் பொருளால் ஏழைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் டயாலிசிஸ் செய்கிறது. நோயை முன்னரே கண்டறியும் முகாம்களையும் நடத்துகிறது.

கேரளத்தின் அருட்தந்தை டேவிஸ் சிறமேல் 2009ஆம் ஆண்டில் தம் சிறுநீரகங்களுள் ஒன்றையே, உறவினரல்லாத வேற்றுச் சமயத்தவர் ஒருவருக்கு அளித்தார். பின்னர்ச் சிறுநீரகக் கொடையைப் பரப்ப ‘கிட்னி ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா’ என்னும் அமைப்பையும் நிறுவினார்.

இம்மூன்று வழிகளும் நோயாளிகளுக்குப் பயன் தந்தவையே. ஆயினும் கொடுப்போரின் நோக்கம் ஒன்றன்று. சீட்டு வாங்குபவர் பரிசை நாடிப் பணம் தருகிறார். அவருள் அன்றாடக் கூலியில் வாழ்பவரும் உண்டு. பரிசு விழாதபோது அவர் வீட்டு அடுப்பும் வாடும். நன்கொடையாளரோ திரும்பப் பெற எண்ணுவதில்லை. தம் பொருள் உரியவரைச் சேர்ந்ததா என்பதை மட்டும் அறிய விரும்புகிறார். அக்கணக்கைக் காட்டுவது பொருள் திரட்டுவோரின் கடமை.

மற்றொன்றையும் நாம் எண்ண வேண்டும். டயாலிசிஸுக்குத் தரும் பணம் இன்றைய நோயாளியைக் காக்கிறது. ஆய்வுக்கும் பரிசோதனைக்கும் தரும் பணம் நாளை ஒருவர் நோயாளி ஆகாமல் தடுக்க உதவுகிறது. சிறுநீரில் புரதம் கசிவதை எளிய பரிசோதனையே காட்டிவிடும். உரிய காலத்தில் அறிந்தால் நோயின் வேகத்தைத் தணிக்கலாம். இன்றைய துன்பத்தைத் துடைப்பதோடு நாளைய துன்பத்தையும் தடுப்பதே நிறைவான ஈகை.

சொற்பொருள்
குருதி – இரத்தம்
ஈகை – கொடை
நாடி – விரும்பி

பிரித்து எழுதுக
நெடுநாள், இக்கணக்கு, அந்நிறுவனம்

வினாக்கள்
1. சிறுநீரக நோயாளிக்கு ஒருநாள் உதவி போதாது, ஏன்?
2. லாட்டரிச் சீட்டு வாங்குபவரின் நோக்கமும் நன்கொடையாளரின் நோக்கமும் எவ்வாறு வேறுபடுகின்றன?
3. லாட்டரியின் வழியாக மருத்துவ உதவிக்குப் பொருள் திரட்டுவது தகுமா? இரு பக்கக் கருத்துகளையும் எழுதி, உம் முடிவைக் கூறுக.

செயல்பாடு
உங்கள் வீட்டுப் பெரியோர் நீரிழிவுப் பரிசோதனை செய்துகொண்டுள்ளனரா எனக் கேட்டறிக. அப்பரிசோதனையின் தேவையை அவர்களுக்கு விளக்கும் வகையில் ஐந்து தொடர்கள் எழுதுக.