இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே சட்டம்



வீடு சந்திக்கப் போகும்போது நான் அடிக்கடி கேட்கிற பேச்சு: "பாஸ்டர், பெரியவளுக்குப் படிப்பு நல்லா வருது. சின்னவனுக்கு மண்டையில ஏறல, வேலைக்குப் போகட்டும்." கஷ்டத்தில் வருகிற பேச்சுதான். ஆனாலும் இந்த மாதம் ஒரு குடும்பத்தைக் கவனிப்போம்.

அமெரிக்காவில் டெட்ராய்ட் பட்டணத்தில் சோனியா கார்சன் என்ற தாயார் இருந்தார்கள். படித்தது 3-ஆம் வகுப்பு. 13 வயதில் விவாகம். கணவர் பிரிந்துபோனபின், பிறர் வீடுகளைச் சுத்தம் செய்து கர்டிஸ், பென் என்ற இரண்டு மகன்களை வளர்த்தார்கள். இளையவன் பென் 5-ஆம் வகுப்பில் கடைசி. "முட்டாள்" என்று கூடப் படித்தவர்கள் கேலி செய்தார்கள்.

தாயார் ஞானத்துக்காக ஜெபித்தார்கள். பிறகு மூன்று காரியம் செய்தார்கள்.

1. டி.வி.யைக் குறைத்தார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று நிகழ்ச்சிதான்.

2. வாரம் 2 புத்தகம் வாசிக்கச் சொன்னார்கள். வாங்கக் காசில்லை, பொது நூலகம் இருந்தது.

3. கணக்குக் கேட்டார்கள். வாசித்ததைப் பிள்ளைகள் எழுதிக் காட்டவேண்டும். அம்மா பார்த்து அடையாளம் போடுவார்கள். அம்மாவுக்குச் சரியாக வாசிக்கத் தெரியாது என்பது பிள்ளைகளுக்கு அப்போது தெரியாது!

கவனியுங்கள், இந்தச் சட்டம் இருவருக்கும் ஒன்றுதான். கர்டிஸ் இஞ்ஜினியர் ஆனார். பென் டாக்டராகி, 1984-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் மூளை அறுவை சிகிச்சைப் பிரிவுக்குத் தலைவரானார். 1987-ல் தலை ஒட்டிப் பிறந்த இரட்டைக் குழந்தைகளை 70 பேர் கொண்ட குழு 22 மணி நேரம் போராடிப் பிரித்தது. முன்னின்று நடத்தியவர் அந்தக் "கடைசிப் பையன்"தான். பிற்பாடு தாயாரும் படித்து, பள்ளிப்படிப்புக்குச் சமமான பரீட்சையில் தேறினார்கள்.

ஒரு பிள்ளைதான் படிக்கலாம் என்று அந்த வீட்டில் தீர்மானித்திருந்தால், நிறுத்தப்பட்டிருப்பவன் யார்? பென்தானே! பத்து வயதில் ஒரு பிள்ளைக்குப் படிப்பு வராது என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்?

எல்லாரும் டாக்டராகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. "எனக்கே எழுத்து தெரியாதே பாஸ்டர்" என்கிற தாய்மாரே, நீங்கள் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டாம். ராத்திரி சமையல் முடிந்ததும், "இன்னைக்கு என்ன படிச்சே, வாசிச்சுக் காட்டு" என்று கேளுங்கள், போதும். மகனிடமும் கேளுங்கள், மகளிடமும் கேளுங்கள். படிப்பு வரவில்லை என்று நீங்கள் நினைக்கிற பிள்ளையிடம் முதலில் கேளுங்கள்.

கர்த்தர் உங்கள் பிள்ளைகளை ஆசீர்வதிப்பாராக.