துருவை வெல்லும் கல்வி

இரும்பும் நீரும் காற்றும் கூடினால் துருப்பிடிக்கும் என்று வேதியியலில் படிக்கிறோம். இரும்பு எலக்ட்ரான்களை இழக்க, ஆக்சிஜனும் நீரும் அவற்றை ஏற்கின்றன. உப்பு சேர்ந்தால் அரிமானம் விரைவுபெறும். அதனால்தான் மயிலாடுதுறைச் சன்னல் கம்பியைவிடத் தரங்கம்பாடிக் கடலோரக் கம்பி விரைவில் கெடுகிறது. துத்தநாகம் பூசினால், அது தான் அரிந்து இரும்பைக் காக்கும்.

கம்பி கெட்டால் மாற்றலாம், கடற்பாலம் கெட்டால்? இராமேசுவரத்தை இணைத்த பாம்பன் ரயில் பாலம் 1914 முதல் உப்புக்காற்றோடு போராடியது. 2022 டிசம்பரில் அதில் ரயில்கள் நின்றன. 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் சிறப்புப் பூச்சும் உள்ளன.

இத்தகைய ஆராய்ச்சிக்கு வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, காரைக்குடியில் 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-இல் திறக்கப்பட்டது. அரிமானத் தடுப்பு அதன் முக்கியத் துறைகளுள் ஒன்று. வேதியியலில் முதுநிலைப் பட்டம் பெற்றோர் அங்கு முனைவர் பட்ட ஆய்வு செய்யலாம்.

தோழியரே, மேல்நிலை வகுப்பில் எப்பிரிவை எடுப்பது என்று சிந்திக்கும் காலம் இது. பெண்களுக்கு இரும்பு ஆராய்ச்சி எதற்கு என்பார் உண்டு. அப்பாலத்து ரயிலில் நாமும்தானே பயணம் செய்கிறோம் என்று விடை கூறுவோம்!