சைக்கிள் சுற்றுலா: எனக்கு எது சரி?

கேள்வி: வயது 46. ஞாயிறுதோறும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 40 கி.மீ. சைக்கிள் ஓட்டுகிறேன். வழிகாட்டியுடன் செல்லும் சைக்கிள் சுற்றுலாக்களை 'எளிது', 'நடுத்தரம்', 'கடினம்' என்று பிரிக்கிறார்களே, நான் எதில் சேரலாம்?

பதில்: அந்த முத்திரைகளுக்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒருவரின் 'நடுத்தரம்' இன்னொருவரின் 'கடினம்'. எனவே தினசரி தூரத்தோடு, மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்றும் கேளுங்கள். ஆலப்புழையின் சமவெளியில் 50 கி.மீ. உங்களுக்குச் சுலபம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்கும் ஏறத்தாழ அதே தூரம்தான். ஆனால் 1,900 மீட்டர் ஏற வேண்டும். கடற்கரைச் சாலைப் பழக்கம் அங்கே போதாது.

அடுத்தது, தொடர்ச்சி. வாரம் ஒருநாள் ஓட்டுவது வேறு. ஐந்து நாள் விடாமல் ஓட்டுவது வேறு. பணம் கட்டுமுன் சனி, ஞாயிறு இரு நாளும் அந்தச் சுற்றுலாவின் தினசரி தூரத்தை ஓட்டிப் பாருங்கள். திங்களன்று மீண்டும் சைக்கிள் ஏற மனமும் முழங்காலும் ஒத்துழைத்தால் சேரலாம்.

களைத்தால் ஏற்றிக்கொள்ளப் பின்னால் வண்டி வருமா, இடையில் ஓய்வுநாள் உண்டா, ஏற்றத்துக்கேற்ற கியர் உள்ள சைக்கிள் தருவார்களா, குழுவின் சராசரி வேகம் என்ன என்பதையும் விசாரியுங்கள்.

மணாலி–லே போன்ற பாதைகள் இப்போது வேண்டாம். அங்கே 5,000 மீட்டருக்கு மேல் கணவாய்கள் உண்டு. நல்ல உடல்வலு உள்ளவரையும் உயரநோய் தாக்கும். முதல் பயணத்துக்குச் சமவெளிப் பாதை, மூன்று நாள் போதும். கிளம்புமுன் மருத்துவரிடம் இதயப் பரிசோதனை பற்றிக் கேட்டுவிடுங்கள்.