ஐம்பது அடித் தோட்டமும் ஒரு பெட்டி வண்ணமும்

"பாலிடெக்னிக் மலரில் பூப் படத்தைப் பற்றி ஒரு கட்டுரையா? ஏதாவது மெஷின் பற்றி எழுதக் கூடாதா?" என்று நம் மெக்கானிக்கல் நண்பர்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கதையில் ஒரு பிளான் டிராயிங் வருகிறது. அதற்காகத்தான் முழுக் கதையையும் சொல்ல வந்தேன்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் நியூ ஹாம்ப்ஷையர், மெயின் என்று இரண்டு மாநிலங்கள். அவற்றின் கரையிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக் கடலுக்குள் ‘ஐல்ஸ் ஆஃப் ஷோல்ஸ்’ என்ற பாறைத் தீவுகள் இருக்கின்றன. அவற்றில் பெரியது ஆப்பிள்டோர். பெரியது என்று பேர்தானே தவிர மொத்தமே நூறு ஏக்கருக்குள்தான். பாறை, புதர், உப்புக் காற்று. குளிர்காலத்தில் அங்கே ஒன்றும் முளைக்காது. நமக்குக் கோடை என்றால் கத்திரி வெயில், காய்ந்த கிணறு. அவர்களுக்கோ ஜூன் முதல் ஆகஸ்ட் வரையுள்ள கோடைதான் பூக்காலம். அதை விட்டால் மறுபடி ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியதுதான்.

அந்தத் தீவில் தோட்டம் போட்டவர் சீலியா தாக்ஸ்டர் என்ற அம்மையார். 1835-இல் பிறந்தவர். நான்கு வயதில், கலங்கரை விளக்கக் காவலரான தந்தையோடு பக்கத்துப் பாறைத் தீவு ஒன்றுக்குக் குடி போனவர். அங்கே அந்தக் குழந்தைக்கு இருந்த முதல் தோட்டம் ஒரு கஜத்துக்கு ஒரு கஜம்! அதில் வளர்ந்தது என்ன பூ என்று நினைக்கிறீர்கள்? நம்ம ஊர் மாலைக்கடைச் செண்டுமல்லியேதான். வளர்ந்த பின் கவிஞராகப் பேர் வாங்கினார். அவருடைய குடும்பம் 1848-இல் ஆப்பிள்டோரில் திறந்த ஓட்டலுக்குக் கோடைதோறும் எழுத்தாளர்கள், இசைக்கலைஞர்கள், ஓவியர்கள் எல்லோரும் வந்து தங்கினார்கள்.

அவருடைய பூந்தோட்டத்தின் அளவு, நீளம் 50 அடி, அகலம் 15 அடி. நம் ஒர்க்ஷாப்பில் ஒரு மூலைக்குக் காணாது. ஆனால் அதற்குள் அவர் பட்ட பாடு இருக்கிறதே, சும்மா சொல்லக்கூடாது!

பாப்பிப் பூவை எடுத்துக்கொள்ளுங்கள். நம் அடுப்பங்கரைக் கசகசா இருக்கிறதல்லவா, அந்த இனம். இதன் ஆணிவேர் தொட்டால் கெட்டுவிடும். நாற்றைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் பெரும்பாலும் பிழைக்காது. தீவில் நேரே விதைத்தாலோ பருவம் போதாது. சீலியா என்ன செய்தார் தெரியுமா? குளிர்காலத்தில் கரையிலுள்ள ஊரில் தங்கியிருக்கும்போது, முட்டை ஓடுகளில் மண் நிரப்பி அதில் விதைத்தார். வசந்தம் வந்ததும் நாற்றுப் பெட்டிகளை எல்லாம் படகில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுபோனார். ஓட்டை மட்டும் மெதுவாக உடைத்து எடுத்துவிட்டு, வேர் அசையாமல் மண்ணோடு மண்ணாகக் குழியில் வைத்துவிடுவார். இப்போது நர்சரிகளில் பிளாஸ்டிக் குழித்தட்டு என்று காசு வாங்குகிறார்களே, அதே தத்துவம்தான்!

அடுத்த எதிரி ஓடில்லாத நத்தை. ராத்திரியோடு ராத்திரியாக வந்து நாற்றுகளைத் தின்றுவிடும். உப்பும் சுண்ணாம்பும் தூவிப் பார்த்தார், தீரவில்லை. கடைசியில் கரையிலிருந்து தேரைகளைப் பெட்டியில் தருவித்தார். பெட்டியைத் திறந்தபோது உலர்ந்த மண்ணும் இரண்டு மூன்று தேரையும்தான் கண்ணில் பட்டன. ‘இவ்வளவுதானா?’ என்று தண்ணீர் தெளித்ததும் மண்ணுக்குள்ளிருந்து வரிசையாகத் தலைகள் எழும்பினவாம்! அந்தத் தேரைகள் நத்தைகளைப் பார்த்துக்கொண்டன.

இந்தத் தோட்டத்துக்குத்தான் வந்து சேர்ந்தார் ஓவியர் சைல்டு ஹாஸம். 1859-இல் பாஸ்டன் பகுதியில் பிறந்தவர். மரக்கட்டையில் படம் செதுக்கும் வேலையில் தொடங்கி, பாரிசில் மூன்றாண்டு தங்கிப் படித்துவிட்டு 1889-இல் ஊர் திரும்பினார். 1890 தொடங்கிச் சில கோடைகள் ஆப்பிள்டோரில் உட்கார்ந்து அந்த ஐம்பது அடியை விதவிதமாக வரைந்தார். எண்ணெய் வண்ணத்திலும் வரைந்தார். ஆனால் எனக்குப் பிடித்தவை நீர்வண்ணப் படங்கள்தாம். 1892-இல் அவர் வரைந்த ‘தீவுத் தோட்டம்’ என்ற நீர்வண்ணப் படம் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அமெரிக்க ஓவிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பூவும் தாளும்

நீர்வண்ணம் என்பது என்ன? நிறப்பொடி, அதைத் தாளில் பிடித்து வைக்க வேலமரப் பிசின், கரைக்கத் தண்ணீர். அவ்வளவே. போஸ்டர் கலர் தாளை மூடிவிடும். இது மூடாது. வெளிச்சம் வண்ணப் படலத்தின் ஊடே புகுந்து, அடியிலுள்ள வெள்ளைத் தாளில் பட்டு, திரும்ப அதே படலத்தின் வழியாக நம் கண்ணுக்கு வருகிறது. அதனால்தான் நல்ல நீர்வண்ணப் படம் உள்ளேயிருந்து விளக்கு ஏற்றியது போல இருக்கும். பாப்பி இதழும் அப்படியே. டிஷ்யூ தாளை விட மெல்லியது. பின்னால் வெயில் அடித்தால் இதழே எரிகிற மாதிரி தெரியும். இந்தப் பூவுக்கு இந்த வண்ணம் பொருந்தியதில் ஆச்சரியம் என்ன?

ஆனால் இதில் ஒரு கஷ்டம் உண்டு. வெள்ளை வேண்டும் என்றால் பூச முடியாது, தாளை விட்டுவைக்க வேண்டும். பூ இருக்குமிடத்தை முன்பே தீர்மானித்து, சுற்றியுள்ள இலைப் பச்சையை முதலில் பூச வேண்டும். தூரத்துக் கடலுக்குத் தாளை ஈரமாக்கிக்கொண்டு பூசினால் ஓரம் கலங்கித் தள்ளி நிற்கும். பக்கத்துப் பூவுக்கு உலர்ந்த தாளில் தூரிகையை வைத்தால் ஓரம் கூர்மையாக முன்னால் வந்து நிற்கும். ஹாஸம் படங்களில் முன்னால் சிவப்புப் பாப்பிகள், பின்னால் பாறையும் கடலும் என்று வருவதைப் பார்த்தால் இந்தத் தொலைவு நன்றாகப் புரியும்.

நானும் முதலாண்டில் ஹாஸ்டல் வாசல் செம்பருத்தியை வரையப் போனேன். டிராயிங் ஷீட்டில் தண்ணீர் அதிகமாகி அப்பளம் மாதிரிப் பொங்கிவிட்டது. முதல் பூச்சு காயும் முன்பே அடுத்ததைப் பூசினேன். கடைசியில் தாளில் இருந்தது செம்பருத்தி அல்ல, கருகின வடை! ரூம்மேட் வந்து, "என்னடா, மெஸ் சாப்பாட்டை வரையுறியா?" என்று கேட்டான். இரண்டு பூச்சுக்கு நடுவே கையைக் கட்டிக்கொண்டு உட்காரத் தெரிய வேண்டும் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. ஹாஸமுக்கோ அப்படி உட்காரவும் அதிக நேரமில்லை. பாப்பி விரிந்த ஓரிரு நாளில் இதழ் கொட்டிவிடும்.

வரைபடம் செய்த வேலை

1894-இல் சீலியா தம் தோட்டத்தைப் பற்றி ‘ஓர் தீவுத் தோட்டம்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். படங்கள் ஹாஸம். பிரிண்டிங் டெக்னாலஜி நண்பர்கள் கவனிக்க! அந்தப் படங்கள் வண்ணக் கல்லச்சில் அச்சானவை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். கல்லின் மேல் எண்ணெய்ப் பசையால் வரைந்து, ஈரமாக்கி, மை உருட்டினால் பசையுள்ள இடத்தில் மட்டும் மை ஒட்டும். நிறத்துக்கு நிறம் இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். அதே 1894-இல்தான் ராஜா ரவிவர்மாவின் கல்லச்சுக்கூடமும் பம்பாயில் தொடங்கியது. நம் பாட்டி வீட்டு லட்சுமி படத்துக்கும் இந்தப் பாப்பிக்கும் தொழில்நுட்பத்தில் ஒரே வம்சம்!

புத்தகத்தில் இன்னொன்றும் இருந்தது. அதுதான் நான் முதலில் சொன்ன பிளான். எந்தப் பாத்தி எங்கே, அதில் எந்தப் பூ என்று எண் போட்டுக் காட்டிய வரைபடம். கூடவே பூக்களின் பட்டியல். படங்களின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது ரொம்பச் சாதாரணமாகத் தெரியும்.

புத்தகம் வந்த அதே ஆண்டு ஆகஸ்டில் சீலியா காலமானார். ஹாஸம் அதற்குப் பின்னும் பல கோடைகள் அந்தத் தீவுக்குப் போனார். ஆனால் அதிகமாக வரைந்தது பாறையும் கடலும்தான். இதைப் படித்தபோது எனக்கு மனசு என்னவோ செய்தது. பாறைக்கு முட்டை ஓடு வேண்டாம், தேரை வேண்டாம், விடிகாலையில் எழுந்து பார்க்க ஆள் வேண்டாம். ஓவியர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், அவர் முன்னால் அந்தச் சிவப்பைக் கொண்டுவந்து நிறுத்தியது அந்த அம்மாவின் கைதானே? படத்தின் மூலையில் கையெழுத்து ஹாஸமுடையது. அது நியாயமும்கூட. ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கிற பலருக்கு அவர் பெயர் தெரியாது என்பது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. இத்தனைக்கும் அவரே நீர்வண்ணம் தீட்டத் தெரிந்தவர். தம் கவிதைப் புத்தகங்களின் பக்கங்களில் கையாலேயே பூக்களை வரைந்தவர்.

1914-இல் பெரிய தீ விபத்து. ஓட்டலும் சீலியாவின் வீடும் எரிந்து போயின. தோட்டம் இருந்த இடம் புதர் மண்டிப் போயிற்று. அறுபது ஆண்டுக்கு மேல் அப்படியே கிடந்தது.

பிறகு அந்தத் தீவில் கடல்சார் ஆய்வுக்கூடம் ஒன்று வந்தது. அதை உருவாக்கிய ஜான் கிங்ஸ்பரி ஒரு தாவரவியலாளர். 1977-இல் அவர் பழைய தோட்டத்தை அதே இடத்தில் திரும்பப் போட முனைந்தார். ஹாஸமின் படங்களைப் பார்த்தால் தோட்டம் எவ்வளவு அழகு என்று தெரியும். ஆனால் எந்தச் செடியை எத்தனை அடியில் நடுவது? அதற்கு உதவியது அந்தப் புத்தகத்துப் பிளான்தான். எண் எண்ணாகப் பார்த்து, பட்டியலில் உள்ள பூக்களைத் தேடிப் பிடித்து, அதே 50-க்கு 15 அடியில் நட்டார்கள்.

பெரும்பாலானவை ஒரே பருவத்தில் மடிகிற செடிகள். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் புதிதாக நட வேண்டும். இன்றைக்கும் நாற்றுகளைக் கரையில் வளர்த்து, படகில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுபோகிறார்கள். கோடையில் பார்வையாளர்கள் படகில் வந்து, வேலியோரம் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். சிலர் கையில் வண்ணப் பெட்டியும் வருமாம்.