மரியோவுக்கு முன்னால் ஒரு பூட்டு: நின்டெண்டோ பற்றிய கதைகளும் உண்மைகளும்

வீடியோ கேம் வரலாறு என்று யூடியூபில் தேடினால் ஒரே கதைதான் திரும்பத் திரும்ப வரும். 1983-ல் ஒரு மோசமான கேம் அந்தத் தொழிலையே கவிழ்த்தது, 1985-ல் ஜப்பானிலிருந்து நின்டெண்டோ வந்து உயிர் கொடுத்தது என்பார்கள். நல்ல சினிமாக் கதை. வில்லன் உண்டு, நாயகன் உண்டு, மீசை வைத்த பிளம்பர்கூட உண்டு. பாதி உண்மையும் உண்டு. சிக்கல் என்னவென்றால், நின்டெண்டோ நிஜமாகவே எதை மாற்றியது என்பது மட்டும் அதில் வருவதில்லை.

“ஈ.டி. கேம்தான் அட்டாரியைக் கவிழ்த்தது”

ஸ்பீல்பெர்க்கின் ஈ.டி. படம் 1982-ல் சக்கைப்போடு போட்டது. கிறிஸ்துமஸ் விற்பனைக்குள் கேம் வந்தாக வேண்டும் என்று, கேம் பெட்டி விற்ற அமெரிக்கக் கம்பெனியான அட்டாரி நெருக்க, ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற புரோகிராமர் ஐந்தே வாரத்தில் அதை எழுதி முடித்தார். சுமார் 40 லட்சம் கேசட் போட்டார்கள். பாதிக்கு மேல் தேங்கியது. 1983-ல் நியூ மெக்சிகோவில் அலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் லாரி லாரியாகக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். 2014-ல் தோண்டியபோது கேசட்டுகள் கிடைக்கவும் செய்தன. ஆனால் வெளியே எடுத்த சுமார் 1,300 கேசட்டுகளில் ஈ.டி. ஒரு சிறு பங்குதான். சென்டிபீட், மிசைல் கமாண்ட் என்று நன்றாக ஓடிய கேம்களும் அதே குழியில் கிடந்தன. தேங்கியது ஒரு கேம் மட்டும் இல்லை, ஒரு கிடங்கே தேங்கியிருந்தது.

அதே 1982-ல் வந்த பேக்-மேனுக்கு அட்டாரி ஒரு கோடியே 20 லட்சம் கேசட் தயாரித்ததாகச் சொல்வார்கள். அப்போது வீடுகளில் இருந்த அட்டாரிப் பெட்டிகளே சுமார் ஒரு கோடிதான்! இந்தக் கணக்கைப் போட்டவர்களை விட்டுவிட்டு, ஐந்து வாரத்தில் கேம் எழுதிய மனிதர்மேல் பழியைப் போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. தங்கள் பெயரும் போடாமல் விற்பனையில் பங்கும் தராமல் வேலை வாங்குகிறார்கள் என்று அட்டாரியை விட்டு வெளியேறிய புரோகிராமர்கள் 1979-ல் ஆக்டிவிஷனைத் தொடங்கினார்கள். அட்டாரிப் பெட்டிக்கு அட்டாரி அல்லாத ஒருவர் கேம் விற்றது அதுதான் முதல் முறை. அட்டாரி வழக்குப் போட்டது, 1982-ல் சமரசமானது. கதவு திறந்ததும் யார் யாரோ உள்ளே வந்தார்கள். ஓட்ஸ் விற்கும் குவேக்கர் நிறுவனம் கேம் பிரிவு வைத்திருந்தது. நாய்த்தீனி விளம்பரத்துக்காகவே ஒரு கேம் வந்தது. விற்காத சரக்கைக் கடைக்காரர் திருப்பி அனுப்பலாம் என்றால், அனுப்பிய கம்பெனியே இருக்காது. எனவே 30, 35 டாலர் கேசட்டுகளைக் கூடையில் கொட்டி 5 டாலருக்குத் தள்ளினார்கள். அந்த விலையைப் பார்த்தபிறகு முழு விலை கொடுத்து நல்ல கேம் வாங்க யார் வருவார்? போதாக்குறைக்கு கமடோர் 64 போன்ற வீட்டுக் கம்ப்யூட்டர்களின் விலையும் சரிந்துகொண்டிருந்தது. 1983-ல் சுமார் 320 கோடி டாலராக இருந்த அமெரிக்க விற்பனை 1985-ல் 10 கோடிக்கு இறங்கியதாகக் கணக்கு.

“உலகம் முழுக்கத் தொழில் செத்துப்போனது”

செத்தது அமெரிக்காவில். அதுவும் வீட்டில் டிவியோடு இணைத்து ஆடும் பெட்டி வியாபாரம். பிரிட்டனில் அப்போது ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரில் சிறுவர்கள் கேம் எழுதியே விற்றுக்கொண்டிருந்தார்கள். ஜப்பானில் சரிவு என்பதே இல்லை. நின்டெண்டோவின் ஃபாமிகாம் பெட்டி 1983 ஜூலையில், அமெரிக்கச் சந்தை சரிந்துகொண்டிருந்த அதே சமயத்தில், அங்கே விற்பனைக்கு வந்தது.

“தொழில்நுட்பத்தில் முந்தியதால் ஜெயித்தார்கள்”

நேர்மாறு. 1889-ல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு தயாரிக்கத் தொடங்கிய கம்பெனி இது. காசை எண்ணித்தான் செலவழிக்கும். ஃபாமிகாமின் மூளை 1975-ல் வந்த 6502 சிப்பின் வழிவந்தது. நினைவகம் 2 கிலோபைட். ஜப்பானில் விலை 14,800 யென். பின்னால் வந்த சேகா மாஸ்டர் சிஸ்டம் வண்ணத்தில் இதைவிட மேல், விற்பனையில் பக்கத்தில்கூட வரவில்லை. நின்டெண்டோ பெட்டி உலகம் முழுக்க 6 கோடிக்கு மேல் விற்றது.

அமெரிக்கக் கடைக்காரர்களுக்கு கேம் என்றாலே அலர்ஜி ஆகியிருந்ததால், பெட்டியின் தோற்றத்தை வீடியோ பிளேயர் மாதிரி மாற்றினார்கள். இது பொம்மைதான் என்று நம்பவைக்க ஒரு குட்டி ரோபாட்டையும் சேர்த்தார்கள். அந்த ரோபாட்டுக்கு வந்தது மொத்தம் இரண்டே கேம். கடைக்குள் நுழைந்ததோடு அதன் வேலை முடிந்தது. 1985 அக்டோபரில் நியூயார்க்கில் மட்டும் விற்றுப் பார்த்தார்கள், விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்ற உறுதியோடு.

“கேசட்டை ஊதினால் ஓடும்”

இதை நம்பாதவர் 90-களில் யாரும் இல்லை. நம் ஊர் டிவி கேமில் கான்ட்ராவும் சர்க்கஸும் ஆடியவர்களும் ஊதியவர்கள்தான். உண்மையில் ஓடவைத்தது ஊதல் இல்லை. கழற்றி மறுபடி செருகியபோது பின்கள் சரியாகப் பொருந்தின, அவ்வளவுதான். மூச்சின் ஈரம் பட்டால் பின்கள் அரித்துப்போகும். ஊதாதீர்கள் என்று நின்டெண்டோவே சொன்னது.

ஆனால் அமெரிக்கப் பெட்டி விட்டு விட்டு மினுங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெட்டிக்குள் ஒரு சிறிய சிப், கேசட்டுக்குள் அதன் ஜோடி. சுவிட்ச் போட்டதும் இரண்டும் ஒரே எண் வரிசையை ஒரே நேரத்தில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஒன்று தடுமாறினால் பெட்டி நொடிக்கொரு முறை தன்னைத்தானே ரீசெட் செய்யும். பின்னில் தூசி இருந்தாலும் அதே கதி. திருட்டுக் கேசட்டைத் தடுக்க வைத்த பூட்டு, காசு கொடுத்து வாங்கியவரையும் வெளியே நிறுத்தியது. 1993-ல் வந்த மலிவு மாடலில் அந்தச் சிப்பையே எடுத்துவிட்டார்கள்.

ஜப்பானிய ஃபாமிகாமில் இந்தப் பூட்டு கிடையாது. அதனால்தான் அதை நகலெடுப்பது அத்தனை சுலபமாக இருந்தது. ‘9999 கேம்’ என்று போட்டுவிட்டு அதே இருபது முப்பது கேம்களைச் சுழற்றி ஓட்டிய மஞ்சள் கேசட்டுகள் நம் வீடுகளுக்கு வந்த வழி அதுதான்.

“முத்திரை இருந்தால் கேம் நன்றாக இருக்கும்”

நின்டெண்டோ நிஜமாக மாற்றியது இந்த இடத்தில்தான். அட்டாரி கதவைத் திறந்து வைத்துக் கெட்டது. நின்டெண்டோ பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டது. அமெரிக்காவில் அப்போது ஒரு கம்பெனி ஆண்டுக்கு ஐந்து கேம்தான் வெளியிடலாம். அதே கேமை இரண்டு ஆண்டுக்கு வேறு பெட்டியில் விற்கக் கூடாது. கேசட்டை நின்டெண்டோதான் தயாரிக்கும், பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். விற்றாலும் விற்காவிட்டாலும் நின்டெண்டோவுக்கு நட்டமில்லை. ஐந்து போதாத கொனாமி, அல்ட்ரா கேம்ஸ் என்று இன்னொரு பெயரில் கம்பெனி வைத்துக்கொண்டது. அட்டாரி கேம்ஸ் கம்பெனியோ, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பொய்க் காரணம் சொல்லி அந்தச் சிப்பின் நிரலை வாங்கிப் பூட்டை உடைத்தது, வழக்கில் தோற்றது.

கேசட் மேல் இருந்த நின்டெண்டோவின் ‘தர’ முத்திரை, இந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டு வந்த சரக்கு என்பதற்கான அடையாளம். பெட்டியில் ஓடும், பெட்டியைக் கெடுக்காது. கேம் சுவையாக இருக்கும் என்பதற்கு அது உத்தரவாதமே இல்லை. முத்திரை பெற்ற குப்பைகள் ஏராளம். கடைகளில் விலையைக் குறைக்க விடாமல் நின்டெண்டோ தடுத்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் எடுத்த நடவடிக்கை 1991-ல் சமரசத்தில் முடிந்தது. வாங்கியவர்களுக்குக் கிடைத்த இழப்பீடு 5 டாலர் கூப்பன். அதை வைத்து வாங்க வேண்டியதும் நின்டெண்டோ கேம்தான்!

சரிந்த சந்தையில் கடைக்காரர்களின் நம்பிக்கையை மீட்க அந்தக் கட்டுப்பாடு தேவைப்பட்டது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் சந்தை எழுந்து நின்றபிறகும் பூட்டு கழலவில்லை. பிளேஸ்டேஷனும் எக்ஸ்பாக்ஸும் நின்டெண்டோவின் போட்டியாளர்களாக வந்தும், பெட்டிக்காரர் அனுமதித்தால்தான் கேம் விற்கலாம் என்ற விதியை அப்படியே எடுத்துக்கொண்டன. 2003-ல் அமெரிக்க முத்திரையிலிருந்து ‘தரம்’ என்ற சொல்லை நின்டெண்டோ நீக்கியது. அனுமதி வாங்கும் விதி இன்றும் இருக்கிறது.